ஒரு குறையும் இல்லீங்க

எங்கள் தெருக்காரர்கள் தங்களுக்குள் எவ்வளவு முறைத்துக்கொண்டாலும், வெளியூர் ஆள் ஒருவர் வந்துவிட்டால் அப்படியே குழைந்துபோவார்கள். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற தெரு. ரேஷன் கடையோ பக்கத்து ஊரில். அரிசி வாங்கப் போகிற நாளில் அம்மாவின் தறி நின்றுவிடும், கூலியும் போய்விடும். போனாலும் சரக்கு இல்லை, நாளைக்கு வா என்று பல தடவை திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் தெருவிலேயே ஒரு பகுதிநேரக் கடை வேண்டுமென்றால் கிராமசபையில் தீர்மானம் போட வேண்டுமாம். அந்தக் காந்தி ஜெயந்தியன்று தெருவே கிளம்பிப் போனது. எல்லாருக்கும் சேர்த்துப் பேசப் பெரியப்பாவை ஏற்பாடு செய்திருந்தார்கள். முந்தின நாள் வீட்டில் அவர் பேசிப் பார்த்ததை நான் கேட்டேன். கலெக்டரே நடுங்கியிருப்பார்.

கூட்டத்துக்கு வந்த அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, ஊரில் ஏதாவது குறை உண்டா என்று மரியாதையாகக் கேட்டார். பெரியப்பா எழுந்தார். வெயிலில் வந்த மனுஷரிடம் எடுத்த எடுப்பில் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க. மொதல்ல மோர் குடிங்க."

அதிகாரி மோரைக் குடித்துவிட்டு, சந்தோஷமாகக் கூட்டத்தை முடிக்கப் பார்த்தார். பெரியவர் சொன்ன பிறகு மாற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. பாவம், பெரியப்பாவுக்கே வரவில்லை.

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெரியப்பா வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிற அம்மா.

"கொறை இருக்குதுங்க. ரேசன் அரிசிக்குப் போனா தறி நிக்குதுங்க. எங்க தெருவுல ஒரு கடை வேணுங்க."

எனக்கு மானமே போய்விட்டது. பெரியப்பா அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"புள்ள சொல்றது நெசந்தானுங்க, எழுதிக்குங்க," என்றார்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறி, கொஞ்ச நாளில் கடையும் வந்தது.

அம்மா பேசி முடிக்கிறவரை என் தோளை விடவில்லை. நல்ல வலி. நான் எழுந்து ஓடிவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அன்று முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தனை பேர் நடுவில் பயத்தோடு தனியாக நின்றவளுக்கு, பிடித்துக்கொள்ள அங்கே என்னை விட்டால் வேறு ஒன்றும் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?