மாலை போட்ட வீட்டில் பேல் ஏல்

என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோதுதான் எங்கள் கம்பெனி பேல் ஏல் என்ற புது வகை பீரைக் கொண்டுவந்தது. மைசூருக்கு வெளியே இருக்கும் சின்ன பீர் ஆலை. அங்கே பீரை ருசி பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. சிரிப்பு வருகிறதா? வரட்டும். கொள்ளேகால் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அவர் மாலை போட்டது பக்தியால் மட்டும் அல்ல. மாத்திரை, ஆஸ்பத்திரி, தலையில் அடித்த சத்தியம் எதற்கும் அடங்காத மனிதர், கழுத்தில் துளசிமணி ஏறினால் மட்டும் பிராந்திக் கடைப் பக்கம் போகமாட்டார். அதனால் நானும் விடியுமுன் எழுந்து தலைக்குக் குளித்து, வீடு துடைத்து, வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்துவைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போய் பீர் குடிப்பேன். என்ன பிழைப்போ! நின்றபடியே தூங்கிவிடுவேன் போலிருந்தது.

லீவு கேட்டேன். "நீங்க பாக்காம இந்த ஏல் வெளிய போகாது மேடம்," என்றார் கன்னடக்கார மேலாளர். சரி, வாயில் வைத்துத் துப்பிவிடட்டுமா என்றேன்.

"ஐயோ, பேடா மேடம், துப்பாதீங்க. முழுங்கினாத்தானே கசப்பு கொத்தாகும்?"

அது உண்மைதான். விழுங்கினால்தான் பீரின் கசப்பு முழுதாகத் தெரியும்.

கிளாஸை முகர்ந்தேன். குடகு ஆரஞ்சுத் தோலின் வாசம் வந்தது. வெண்ணெய் வாடையோ நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ அடித்தால் சரக்கில் கோளாறு. இரண்டும் இல்லை. விழுங்கினேன். கசப்பு மெல்ல ஏறிச் சுத்தமாக இறங்கியது. சனியன், அவ்வளவு நன்றாக இருந்தது! ஏதாவது குறை கிடைக்காதா என்று இன்னொரு மடக்கு குடித்தேன். கிடைக்கவில்லை. பத்துக்கு ஒன்பது போட்டேன். அதுவரை எந்த பீருக்கும் நான் ஒன்பது போட்டதில்லை.

வாய் கொப்பளித்துவிட்டுத்தான் சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். அவர் எனக்காக வெந்நீர் போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் போனதும் சட்டென்று விலகினார்.

"தீட்டுன்னா சொல்லிப்போடுங்க சாமி, தள்ளியே நிக்கறேன்," என்றேன். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் குரலில் எரிச்சல் இருந்தது.

"தீட்டெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள. உம்மேல அடிக்கற வாசம் நல்லா இருக்குது. அதான்."

நானே இரண்டடி தள்ளி நின்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "புதுசு எப்படி?"

"குப்பை. வாயில வெக்க முடியல."

"பொய் சொல்றே," என்றார். கோபமே இல்லை. "மாலை கழட்டற அன்னிக்கு என்னையத் தனியா உட்டுப்போடாத. பயமா இருக்குது."

"அன்னிக்கு நான் லீவு போட்டுடறேனுங்க சாமி."

"மறுநாளைக்கு?" என்றார்.