கேட் தாண்டினால் பாட்டு இல்லை

துபாயில் எங்கள் தேவாலய வளாகத்தில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆராதனையின் மொழி மாறும். தமிழ் ஆராதனை முடிந்து நாங்கள் பாயைச் சுருட்டுவதற்குள் அமெரிக்கர்கள் கிட்டார் பெட்டிகளோடு வாசலில் வந்து நிற்பார்கள். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த தரையில் அவர்கள் பூட்ஸ் காலோடு நடப்பார்கள். வந்து மூன்று வருடமாகியும் அந்தச் சத்தம் எனக்குப் பழகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மகளின் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பிப் போனபோதுதான் அந்தப் பாட்டைக் கேட்டேன். பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் மட்டும்; டிரம் கிடையாது. ஒரே மைக்கைச் சுற்றி ஐந்து பேர். பாட வேண்டியவர் முன்னே வருவார், முடிந்ததும் தோளை ஒதுக்கி அடுத்தவருக்கு இடம் விடுவார். புளூகிராஸ் கோஸ்பல், கென்டக்கி மலைப்பக்கத்துப் பாட்டு என்றார்கள். அவ்வளவு வேகமான தாளத்தில் அவ்வளவு துக்கத்தை வைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாகர்கோவிலில் ஆறு வருடம் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் பாடியவள் நான். வாசலில் நின்றபடியே சேர்ந்து முணுமுணுத்துவிட்டேன். லோரீன் என்ற பெண் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “மலைக்காரக் குரல் உனக்கு! எந்த மலை?” என்றாள். ஊரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து மலை தெரியும் என்றேன். நான் மலையில் பிறந்தவள் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை. திருத்தினால் இடம் போய்விடுமோ என்று பயம்.

அப்படித்தான் அவர்களோடு பாட ஆரம்பித்தேன். மைக்குக்குக் கீழே நின்று கேட்டே நான்கு வயது ஜெனியும் பல்லவிகளைப் பிடித்துக்கொண்டாள். “அக்கம்பக்கத்தில் பாடு, ஹனி. பிரசங்கம் நுழையாத வீட்டில் பாட்டு நுழையும்” என்பாள் லோரீன். தலையாட்டுவேன். அப்படிப் பாடி அவளுக்கு ஏதாவது சிக்கல் வந்தால் அவள் கணவரின் கம்பெனி அவர்களை வேறு நாட்டுக்கு அனுப்பி வைக்கும். எங்கள் மூன்று பேருக்கும் இருப்பது என் கணவரின் ஒரு விசா. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “நீ பாட்டுக்குப் பாடிட்டுப் போயிருவ. விசா கேன்சல் ஆனா நான்லா ஒப்பாரி வைக்கணும்.” வளாகத்துக்குள் என்ன வேண்டுமானாலும் பாடலாம், வெளியே மதம் பரப்பினால் ஆபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு குழந்தையின் முணுமுணுப்பு அதில் சேருமா என்று யாரிடம் கேட்பது? கேட்பதே ஆபத்தோ? அதனால் நானே ஜெனிக்குப் பழக்கினேன். கேட் தாண்டினால் பாட்டு இல்லை. இரண்டே வாரத்தில் அவள் பாதி வரியில் வாயை மூடக் கற்றுக்கொண்டாள். சமர்த்து என்று முத்தம் கொடுத்தேன்.

ஊரில் கிறிஸ்மஸுக்கு முன் நாற்பது பேராகத் தெருத்தெருவாகக் கேரல் பாடப் போவோம். எந்த வீட்டு வாசலிலும் நின்று பாடுவோம். அதைத் தைரியம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நாற்பது பேருக்கு நடுவில் நிற்பதற்குத் தைரியம் எதற்கு?

கராமா பகுதியில் எங்கள் எதிர்வீட்டில் கதீஜா லாத்தா. காயல்பட்டினத்துக்காரர்; அவர் கணவருக்கு பர் துபாயில் துணிக்கடை. அவர்கள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நான் கிளினிக்கில் காலை டூட்டிக்குப் போகும்போது இரண்டு வருடமாக ஜெனியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளையை அழைத்துவரப் போனேன். மடியில் உட்காரவைத்துத் தலைவாரிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உன் புள்ள இன்னிக்கு ஒரு பாட்ட ஆரம்பிச்சா. நல்லா இருந்திச்சு. பாடும்மா, பாடும்மான்னேன். சட்டுனு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா. லாத்தா முன்னாடி பாடக் கூடாதாம். போலீஸ் வந்து டாடியப் புடிச்சிருமாம்.” சீப்பைக் கீழே வைத்தார். “ரெண்டு வருஷமா இவளுக்கு மூக்குச் சிந்தி விடறேன். நான் போலீஸா புள்ள?”

“சின்னப் பிள்ளை, லாத்தா. என்னவோ உளறுது” என்றேன்.

“நோ மம்மி. யூ ஒன்லி டோல்ட்” என்றாள் ஜெனி.

“சட்டத்துக்குப் பயந்தே, சரி. யாருக்குத்தான் பயம் இல்ல? என்னக் கண்டு ஏன் பயந்தே?” அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி வுடு. நீ பாடு. அது என்னதான் சொல்லுதுன்னு கேக்கறேன். எங்கூட்டுல உக்காந்து நான் கேக்கறேன், யார் என்ன செய்யறா?”

யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று எத்தனை நாள் ஜெபம் செய்திருப்பேன். மூச்சை இழுத்தேன். முன்கதவு திறந்திருந்தது. வெளியே லிஃப்ட் நிற்கும் சத்தம். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“என் வூட்டுக் கதவ நீ ஏன் புள்ள சாத்தறே?”

குரலில் கோபம்கூட இல்லை. எழுந்து போய்க் கதவை மறுபடி திறந்து வைத்தவர், “டூட்டி முடிச்சு வந்திருக்கே, போய்ச் சாப்பிடு. புள்ள தின்னுட்டு வருவா” என்றார். பாட்டு என் தொண்டையிலேயே இருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் இந்த நாட்டுச் சட்டத்தைத் திட்டலாம். எனக்கு அந்த வசதி இல்லை. லாத்தாவைக் கண்டு பயப்படச் சொல்லி எந்தச் சட்டமும் என்னிடம் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை லோரீன் கேட்டாள், “அக்கம்பக்கத்தில் பாடினாயா?” சமயம் வரவில்லை என்று தேவாலயத்துக்குள் நின்றே பொய் சொன்னேன். “வரும், ஹனி” என்று அணைத்துக்கொண்டாள்.

லாத்தா இப்போதும் ஜெனியைப் பார்த்துக்கொள்கிறார். என்னைத்தான் ‘புள்ள’ என்பதை விட்டு ‘வாங்க, உக்காருங்க’ என்கிறார். மத்தியானம் டூட்டி முடிந்து வந்தால் அவர் வீட்டுக்குள் ஜெனி பாடுவது வராந்தாவரை கேட்கிறது. லாத்தா சொல்லிக்கொடுத்த காயல்பட்டினத்துத் தாலாட்டு. தமிழ் அவளுக்குத் தடுமாறும். ஆனாலும் தொண்டை திறந்து பாடுகிறாள். மணியை அழுத்தினால் பாட்டு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக் கதவு, கையில் அதன் சாவி. அவள் பாடி முடிக்கும் வரை இரண்டு கதவுக்கும் நடுவிலேயே நிற்கிறேன்.