இரவல் பெட்டியில் வந்த பானை ஓடுகள்

கல்விக் கந்தோர் அதிகாரிகள் இரவலாகத் தந்த பெட்டியைப் பரந்தனிலிருந்து பஸ்ஸில் எங்கள் குடியேற்றப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். உள்ளே, இந்த மண்ணில் கிண்டியெடுத்த பழைய பானை ஓடுகள். தொட்டுப் பார்க்கத்தான் தந்தார்கள். ஒரு பிள்ளையும் தொடவில்லை. பெட்டியைத் திருப்பி எடுக்கக் கந்தோர் ஜீப் வந்துவிடுமே என்று மேசைக்கும் வாசலுக்குமாக அலைந்தேன்.

"தொடுங்கோவன்!" என்று கத்தினேன்.

"செத்தவீட்டில உடைச்ச கொள்ளிக்குடம், சேர். தொட்டால் முழுகவேணும்," என்றாள் ஒருத்தி.

"இல்லைப் பிள்ளை, சோறு காய்ச்சின பானை. முந்தி இஞ்ச இருந்த சனத்தின்ர."

அவள் ஓடொன்றைக் கையில் எடுத்தாள்.

"இது எங்கட ஐயா வெட்டின காடெல்லோ, சேர்? சனம் இருந்த இடத்தில எப்பிடிக் காடு வந்தது?"

அந்த ஜீப் இப்போதே வந்துவிடாதா என்றிருந்தது எனக்கு.