ஒரு கால் பெருசு, ஒரு கால் சிறுசு

மேற்குத் தாம்பரத்தில், ஒரு டூவீலர் ஷோரூமின் மாடியில் எங்கள் ஆபீஸ். வெப்சைட் செய்து கொடுப்பதுதான் தொழில். நான் டிசைனர். ஒரு நாள் காலையில் ஷமீம் அக்கா படியேறி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"சார், சைட்டை எடுத்துடுங்க" என்றார் எங்கள் முதலாளி தயாளன் சாரிடம்.

ஷமீம் அக்காவின் குடும்பத்துக்குப் பம்மலில் ஷூ பட்டறை. அண்ணன் ரஃபி பாய் செய்வார். பி.காம். படித்த அக்கா விற்பனையைப் பார்ப்பார். ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனி திடீரென ஆர்டரை நிறுத்தியதும், பட்டறையை மூடுவதற்கு முன்னால் கடைசி முயற்சியாக எங்களிடம் வந்திருந்தார்கள்.

நாங்கள் செய்து கொடுத்த சைட் பார்க்க ஜோராக இருக்கும். திறந்தால் ஃப்ளாஷ் அனிமேஷனில் ஒரு ஷூ சுழன்றுகொண்டே வரும். 'உலகத் தரம்' என்று ஆங்கிலத்தில் மின்னும். வாங்கத்தான் ஆள் இல்லை.

"ஒரே ஒரு மெயில் வந்துச்சு. அதுவும் ஆர்டர் இல்ல, கேள்வி" என்றார் அக்கா.

திறந்து படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சின்ன வயதில் போலியோ வந்தவர். இடது கால் எட்டு சைஸ், வலது கால் ஆறு. ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுகிறாராம். 'எனக்கு ஒரே ஒரு ஜோடி விற்பீர்களா?' என்று முடித்திருந்தார்.

அக்கா அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டார். ரஃபி பாயின் குரல் எனக்கே கேட்டது.

"இன்னா ஷமீம், வேற வேற சைஸா? கடைக்காரன் ஜோடியை உடைக்க மாட்டான். நமக்கு இன்னா? தோலை வெட்டறதே நாமதான். இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு வெட்டினா ஆச்சு."

அக்கா போனை வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எடுக்க வேணாம். மாத்தலாம்."

மாற்றியது

சுழலும் ஷூ போனது. உலகத் தரம் போனது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அக்கா ஒரு வரி வைக்கச் சொன்னார். தமிழில் சொன்னால், 'ஒரு கால் பெருசு, ஒரு கால் சிறுசு, ஷூ கிடைக்குமா?' அதைக் கொச்சை ஆங்கிலத்தில் அப்படியே வைக்க வேண்டும்.

தயாளன் சார் பதறினார். "கிராமரே இல்லையேம்மா! கம்பெனி மானம் போயிடும்."

"தேடறவங்க கிராமர் பார்த்தா சார் டைப் பண்ணுவாங்க? மனசுல என்ன இருக்கோ அதைத்தான் அடிப்பாங்க. நாமளும் அதையே எழுதி வைப்போம்."

"சரி, ஆனா எல்லாருக்கும் விக்கற கடையை ஏன் இவ்ளோ சின்னதாக்கறீங்க? நம்ம ஊர்ல இப்படி எத்தனை பேர் இருப்பாங்க?"

"நம்ம ஊர்ல கொஞ்சம் பேர்தான் சார். அதனாலதான் எந்தக் கடைக்காரனும் செய்யல. நெட்டுக்கு ஊரு ஏது?"

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சர்ச் இன்ஜின், கீவேர்ட், டார்கெட் ஆடியன்ஸ் என்று தினமும் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் நாங்கள். அதெல்லாம் எதற்காக என்று எனக்குப் புரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

தேடலில் வரும் விளம்பரத்துக்கும் அதே வார்த்தைகளைப் போட்டோம். அவற்றுக்குப் போட்டியே இல்லை. வேறு யாரும் அந்த வார்த்தைகளை யோசித்திருக்கவில்லை. முதலில் மதுரையிலிருந்து ஒருவர், பிறகு புனே. பிறகு மலேசியாவிலிருந்து ஒரு தாய், மகனுக்காக. போலியோ வந்தவர்களின் இணையக் குழு ஒன்றில் யாரோ எங்கள் லிங்க்கைப் போட, அன்று மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. எல்லாவற்றுக்கும் அக்காவே பதில் எழுதினார். நாங்கள் ஒரு ரெடிமேட் பதில் தயார் செய்து கொடுத்தபோது, "ஒவ்வொருத்தர் காலும் வேற, கலா. பதில் மட்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சுவர்

சைட்டுக்குப் படம் எடுக்க ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனேன். பட்டறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன்.

சுவர் முழுக்கக் கால்கள். காகிதத்தின் மேல் பாதத்தை வைத்து, சுற்றிலும் பேனாவால் வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார் அக்கா. ஸ்கேனிலும் தபாலிலும் வந்த அந்தக் காகிதங்களைப் பெயரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். நீளமும் குட்டையுமாக, வளைந்தும் விரல் மடங்கியும், எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை. எத்தனையோ ஊர்களில், ஒருவரை ஒருவர் அறியாமல், தனக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று நினைத்திருந்தவர்கள். பம்மலில் ஒரு தகர ஷெட்டுக்குள் எல்லோரும் அக்கம்பக்கமாக இருந்தார்கள். கோவில் கருவறை முன்னால் நிற்பதுபோல் நின்றேன். படம் எடுக்கக் கை வரவில்லை.

அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு டீச்சர், தன் ஷூவை நேரில் வாங்க ரயிலில் வந்திருந்தார். வலது காலுக்கு அடித்தோலை உயர்த்தித் தைத்திருந்தார் ரஃபி பாய்.

"போட்டுப் பாருங்க டீச்சர். கடிச்சா சொல்லுங்க, இப்பவே சரி பண்ணிடறேன்."

டீச்சர் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரை நடந்தார். தெருவில் இறங்கினார். முனையில் திரும்பி எங்கள் கண்ணிலிருந்து மறைந்தார்.

வெகு நேரமாகியும் வரவில்லை. "ஷமீம், போய்ப் பாரு. எங்கனா வியுந்துட்டாங்களா?" என்று ரஃபி பாய் கவலைப்பட்டார். அக்கா செருப்பை மாட்டும்போது, தெருவின் மறுமுனையிலிருந்து டீச்சர் வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"என்ன டீச்சர், கடிக்குதா?"

"இல்லம்மா. நடந்துகிட்டே இருக்கலாம்போல இருந்துச்சு. அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டேன்."

ரஃபி பாய் குனிந்து, தேவையே இல்லாமல், கையிலிருந்த தோலைத் துடைத்தார்.

இன்று நான் ஆன்லைன் மார்க்கெட்டிங் சொல்லிக் கொடுக்கிறேன். ட்ராஃபிக்கை எப்படி ஏற்றுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டத்தை எங்கே தேடுவது என்று அப்புறம் பார்க்கலாம், உங்களை இப்போது தேடிக்கொண்டிருப்பவர் யார், அவர் என்ன வார்த்தை அடிப்பார் என்று முதலில் யோசியுங்கள் என்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களுக்கு மீதி வேலையை நான் சொல்லித்தர முடியும்.