தண்ணீர் குடிக்காத கிரேன்காரர்

கட்டடம் எழும்புகிற அந்த இடத்தில் எல்லாரும் அவரை 'ஒட்டகம்' என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் காதுபடவே. உயரமான கோபுரக் கிரேனை ஓட்டுகிறவர். காலையில் ஏணியேறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தரைக்கு வருவார். மேலே கண்ணாடிக் கூண்டில் ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல், ஒரு வாக்கிடாக்கி; கழிப்பறை கிடையாது. நடுவில் இறங்கினால் வேலை நின்றுவிடும், மேஸ்திரி வாயில் விழ வேண்டும். அதனால் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டார்.

சிறுநீரகத்தில் கல் வந்தபோது மனைவி ஆச்சரியப்படவில்லை. "தண்ணியே குடிக்காத ஆளுக்கு கல்லு வராம பூவா வரும்?" ஆஸ்பத்திரியில் கல்லை எடுத்தார்கள். மறுபடி வந்தது. அடுத்த முறை கூண்டிலேயே வலி சுருட்டிப் போட்டது. கொக்கியில் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்குகிறது. கீழே நின்று சைகை சொல்கிற பெண் பதறினாள்: "அண்ணே, என்னாச்சு?" பல்லைக் கடித்துக்கொண்டு சுமையைப் பத்திரமாக இறக்கிய பிறகுதான் அவர் ஏணியில் கால் வைத்தார்.

இந்தத் தடவை டாக்டர் கல்லைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கணவன் மனைவி இரண்டு பேரையும் உட்கார வைத்தார்.

"நாம சாப்பிடுற பருப்பு, முட்டை, மீன்ல இருக்கிற புரதம் வயித்துக்குள்ள போய் சின்னச் சின்னத் துண்டா உடையும். அதுதான் அமினோ அமிலம். புரதத்துல அந்தத் துண்டு இருபது வகை உண்டு. சிலதை உடம்பே செஞ்சுக்கும், மீதி ஒன்பதும் சாப்பாட்டுல இருந்து வந்தே ஆகணும். தசை, தோல், முடி எல்லாம் அதை வெச்சுக் கட்டுறதுதான். ரத்தத்தை வடிகட்டும்போது சிறுநீரகம் அதையெல்லாம் திருப்பி எடுத்துக்கும். உங்களோடது நாலு வகையைக் கோட்டை விட்டுடுது. மூணு கரைஞ்சு போயிடும். சிஸ்டைன்னு ஒண்ணு கரையாது, கல்லாயிடும்."

"அப்போ தண்ணி குடிக்காததால வந்தது இல்லையா?" என்று கேட்டார் அவர்.

"பிறவிக் கோளாறு. தண்ணி குடிக்காம நீங்க அதுக்குத் தீனி போட்டிருக்கீங்க."

இத்தனை வருஷம் தன் பிடிவாதம்தான் காரணம் என்று நினைத்திருந்தவருக்கு, பாதி நிம்மதி, பாதி எரிச்சல். மாத்திரை, உப்பும் இறைச்சியும் குறைவு, நாள் முழுக்கத் தண்ணீர். இதற்கு முடிவு கிடையாது என்றும் டாக்டர் சொன்னார்.

பாட்டிலோடு மேலே ஏறிப் பார்த்தார். ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுது போயிற்று. மேஸ்திரி கத்தினார். ஒரு நாள் பாதி ஏணியில் மூச்சு வாங்க நின்றவர், அப்படியே திரும்பிக் கீழே வந்தார். சைகை சொல்கிற பெண்ணிடம் கிரேன் உரிமம் இருந்தது. யாரும் அவளை ஏற விட்டதில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

"நீ மேல போம்மா. நான் கீழ நிக்கிறேன்."

"அண்ணே, உங்க சீட்டு அது."

"சீட்டு என்ன, சொத்தா?"

சொல்லிவிட்டாரே தவிர, முதல் வாரம் அவரால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. வாக்கிடாக்கியில் குரல் மட்டும் கொடுத்தார். பிறகு பார்த்தார். கான்கிரீட் தொட்டி ஒன்று சத்தமே இல்லாமல் தரையில் உட்கார்ந்தது. தாம் இறக்கினால் ஒரு 'டங்' கேட்கும்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் சொன்னார்: "அந்தப் பொண்ணு என்னைவிட நல்லா இறக்குறா."

மனைவி சொம்பை நீட்டினாள். "இறக்கட்டும். நீங்க இதை உள்ள இறக்குங்க."