வல்லை வெளியில் மீன்காரரின் ஹோர்ன்

ஒரு வீடுகூட இல்லாத வல்லை வெளியில், மீன்காரர் ஒருவர் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனால் உங்களுக்கு விசர் வராதா? எனக்கு வந்தது.

மாசிப் பனி. காலை ஏழு மணியாகியும் ரோட்டே தெரியவில்லை. கம்பஸில் சோதனை எழுத வேண்டும், நேரம் போகிறது. முன்னால் அவர், மீன்பெட்டி கட்டிய சைக்கிளில், பாம் பாம் என்று. மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் விட்டுக் கத்தினேன்.

“அண்ணை, இங்கை ஆருக்கு மீன் விக்கிறியள்? மாட்டுக்கோ? நிப்பாட்டுங்கோ, காது வெடிக்குது!”

“இது விக்கிறதுக்கில்லைத் தம்பி, எதிரிலை வாறவனுக்கு...”

“உந்தக் கதையை விடுங்கோ!”

சிரித்துக்கொண்டே ஹோர்னிலிருந்து கையை எடுத்தார். நான் முந்தினேன். ஒரு நிமிடம் இருக்காது. எதிரே பனிக்குள்ளிருந்து வந்த வான் வண்டி ஒன்று என்னை விலத்தி, பின்னால் அவர்மேல் மோதியது.

திரும்பி ஓடினேன். ரோட்டெல்லாம் சூடை மீன். அவர் காலைப் பிடித்தபடி கிடந்தார். வான்காரன் தலையில் கைவைத்துக் கத்தினான்: “உந்தப் பனிக்கை ஒரு ஹோர்ன் அடிச்சா என்ன, அண்ணை?”

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாய்கிழியக் கதைக்கிற நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் என்மேலேயே பத்திக்கொண்டு வருகிறது.

மூன்று வாரமாகிறது. அவர் இன்னும் ஆஸ்பத்திரியில். வான்காரனுக்கு இன்னும் தெரியாது.