படிவத்தில் இல்லாத சம்பந்தி

முதல்முறை நான் அந்த வீட்டுக்குப் போனபோது கண்டக்டர் என்னை வாசலிலேயே கை காட்டி நிறுத்தினார். உள்ளேயிருந்து சாப்பாட்டு கேரியர் கொண்டுவரும் ஆள் வெளியே வந்துகொண்டிருந்தார். "இறங்குறவங்க இறங்கட்டும்மா, அப்புறம் ஏறலாம்!" என்று கண்டக்டர் தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடம் ஆகியும் மனுஷர் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. இன்ஜின் பக்கத்திலேயே முப்பத்துநான்கு வருடம் நின்றதில் காது இரண்டும் அடியோடு போய்விட்டது. அவரிடம் பேச வேண்டுமென்றால் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். பதிலை வாயால்தான் சொல்வார், கூரை பறக்கிற மாதிரி.

நான் முதியோர் சேவை மையத்தில் களப்பணியாளர். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது என் பிழைப்பு. எங்கள் மையத்தோடு ஆறு அமைப்புகள் கைகோத்திருக்கின்றன. சாப்பாட்டுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, பார்வையில்லாதவர்களுக்கு ஒன்று, காது கேட்காதவர்களுக்கு ஒன்று, இப்படி. மாதம் ஒரு கூட்டம் நடக்கும். பிஸ்கட் தின்போம், 'அவரவர் தேவைக்கேற்ற சேவை' என்று பேசுவோம், கலைவோம்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், இப்போது கண் தெரியாது. கண்டக்டரின் மகளை லைன்மேனின் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. ஏழாவது வருடம் பிள்ளைகள் இரண்டும் முட்டிக்கொண்டு விவாகரத்து வாங்கி, ஆளுக்கொரு தேசத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மாதம் பார்த்துத்தான் லைன்மேனுக்குக் கண் ஆபரேஷன். அவருக்கு மனைவி இல்லை, மகன் எட்டிப் பார்க்கவில்லை. கண்டக்டரும் மனைவியை இழந்தவர். "பத்து நாள் கூட இருந்துட்டுப் போறேன், சம்பந்தி" என்று ஒரு பையோடு வந்தார். ஆபரேஷன் கைகொடுக்கவில்லை. வந்தவர் பதினோரு வருடமாகப் போகவும் இல்லை.

"பசங்கதான் வெட்டிக்கிட்டாங்க. எங்களுக்குள்ள என்னம்மா தகராறு?" என்றார் லைன்மேன்.

தகராறுக்கு ஒரு குறைச்சலும் இல்லை என்பதை நானே கண்ணால் பார்த்தேன். காலிங் பெல், போன், குக்கர் விசில் எல்லாம் லைன்மேன் காதில் விழும். உடனே கண்டக்டரின் மணிக்கட்டில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வாசலில் ஆள், இரண்டு என்றால் போன், மூன்று என்றால் குக்கர். கண்டக்டர் மருந்துச் சீட்டைப் படிப்பார், மாத்திரையைப் பிரித்து வைப்பார், காலையில் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார். நடுநடுவே இல்லாத செய்தியைத் தானாகச் சேர்ப்பார். லைன்மேனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நாலு தட்டு தட்டுவார். நாலு தட்டுக்கு அர்த்தம் 'வாயை மூடும்' என்று எனக்கு விளக்கினார்கள்.

வீட்டுக்காரர் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். இந்த வயதில் இரண்டு கிழவர்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? கண்டக்டர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எந்த இல்லத்துல வேணா போடும்மா. நல்லது கெட்டது பார்க்க மாட்டோம். ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்திவிடு. அது போதும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். படிவத்தில் 'உடன் வசிப்பவர்' என்ற இடத்தில் கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி என்று ஆறு கட்டம் இருந்தது. சம்பந்திக்குக் கட்டம் இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"பிள்ளைங்களே பிரிஞ்சாச்சு, இவங்க எந்த முறையில ஒண்ணா இருக்காங்க?" என்றார். "தனியா வசிக்கிறார்னு ரெண்டு பேருக்கும் டிக் பண்ணிவிடு. தனி ஆளுக்கு இருபது புள்ளி கூட. சீக்கிரம் இடம் கிடைக்கும்."

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இருபது புள்ளி! இருவரும் பட்டியலில் மேலே போய்விடுவார்கள், பக்கத்திலிருக்கும் பொது இல்லத்திலேயே அடுத்தடுத்த கட்டில் கிடைக்கும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு! இரண்டு படிவம், இரண்டு டிக்.

இடம் ஒதுக்கிய ஆணை வந்தபோது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். இரண்டு கவர். வழக்கம்போல் கண்டக்டர்தான் உரக்கப் படித்தார். லைன்மேனுக்கு, மேற்கே பார்வையற்றோர் இல்லம். கண்டக்டருக்கு, கிழக்கே காது கேளாதோர் இல்லம். தனியாக வசிப்பவர்கள், அதனால் அவரவர் தேவைக்கேற்ற இடம். இரண்டாவது கவரைப் பாதி படிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அவரால் மெல்லப் பேச முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்மா?" என்று லைன்மேன் என்னைக் கேட்டார்.

"ஆறு மணி நேரம், ஐயா."

மையத்துக்கு ஓடினேன். மேற்பார்வையாளர் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பொது இல்லத்துல ரெண்டு பேர் ரூம் எட்டு இருந்துச்சு. சேர்ந்து வசிக்கிறவங்கன்னு போட்டிருந்தா அது வந்திருக்கும். மூணு ரூம் ஆளில்லாம காலியாத்தான் போச்சு."

"நீங்கதானே மேடம் தனின்னு போடச் சொன்னீங்க?"

"நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்? இப்ப மாத்தினா ரெண்டு மனுவும் ரத்து. புதுசா வரிசையில நிக்கணும், ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள வீட்டை இடிச்சிடுவாங்க."

கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் செய்ததை அவர்கள் இருவரிடமும் நானே போய்ச் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. ஒருவரும் திட்டவில்லை.

கண்டக்டர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்க் கதவை ஒருக்களித்தார். ரகசியம் பேசுவதாக நினைப்பு அவருக்கு.

"அவர்கிட்ட சொல்லிடாதம்மா!" என்று பாத்திரம் அதிரக் கத்தினார். "அவரை விட்டுட்டு என்னால இருக்கவே முடியாது. ஆனா கண்ணு தெரியாத மனுஷனைத் தெருவுல நிறுத்தச் சொல்றியா? ரத்து பண்ணாத. எனக்கு அந்த இடம் புடிச்சிருக்குன்னு அவர்கிட்ட சொல்லு!"

அடுத்த அறையில் லைன்மேன் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார். நான் வெளியே வந்ததும், "நான் தூங்கிட்டேன்னு நினைச்சுக்கட்டும். அவர் சொன்னபடியே செய்யும்மா" என்றார்.

இரண்டு வண்டி வந்தது. ஏற்றிவிட்டது நான்தான்.

அடுத்த கூட்டத்தில் 'இரண்டு பயனாளிகளுக்குத் தகுந்த இல்லம்' என்று திரையில் போட்டார்கள். கை தட்டினார்கள். கோப்பு முடிந்தது, இனி நான் அவர்களைப் பார்க்கப் போகத் தேவையில்லை என்றார்கள். விடுமுறை நாளில் நானாகப் போனேன். அவர்களுக்குள் போன் பேசலாம் என்றால் ஒருவருக்குக் காது இல்லை. கடிதம் போடலாம் என்றால் ஒருவருக்குக் கண் இல்லை. நடுவில் நான் மட்டும்தான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

கிழக்கில் எல்லாரும் விரலால் பேசிக்கொள்கிறார்கள், பிறவியிலிருந்தே பழகியவர்கள். கண்டக்டருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. பாதி உடம்பாகிவிட்டார். கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் மழித்துப் பத்து நாளாவது இருக்கும். என்னைப் பார்த்ததும் அவசரமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த விடுமுறைக்கு மேற்கே போய் லைன்மேனுக்கு அதைப் படித்துக் காட்டினேன். 'சம்பந்தி, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு. நல்ல சிநேகிதர்கள். கவலைப்படாதீர்கள்.'

அவர் என் முகம் இருக்கும் பக்கம் திரும்பினார்.

"நீ நேர்ல பார்த்தியே. நிஜமாவே நல்லா இருக்காராம்மா?"

"நல்லா இருக்கார், ஐயா."

கடிதத்தை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நானும் நல்லா இருக்கேன்னு எழுதும்மா" என்றார்.

எழுதினேன்.